இல்லத்தின் கலகலப்பு இணையதளத்தில் எங்கே போனது? அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் குழந்தைகள் இல்லங்களையும் முதியோர் இல்லங்களையும் நடத்திவரும் அறக்கட்டளைகளின் மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். நான் பதிப்பகம் ஒன்றில் பிரதி திருத்தும் வேலை பார்ப்பவன். அப்பாவின் திதியன்று ஏதாவது ஓர் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. இது அலுவலகத்தில் தெரிந்த பிறகு, பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் பெற்றோருக்கு நினைவு நாள் என்றாலும், எந்த இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே உங்கள் இணையதளங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் இல்லங்களுக்கு நேரிலும் வந்திருக்கிறேன். இரண்டையும் பார்த்தவன் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் இல்லங்களுக்குள் இருக்கும் கலகலப்பில் பத்தில் ஒரு பங்குகூட உங்கள் இணையதளங்களில் இல்லை. நேரில் வருகிறவர் இன்னொரு தடவை வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகிறார். இணையதளத்துக்கு வருகிறவரோ மனம் கனத்து, முடிந்தால் ஒரு தொகையை அனுப்பிவிட்டு, மறுபடி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிடுகிறார்.

ஒரு முகப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். எந்த இல்லத்துடையது என்பது வேண்டாம். பெயரை மாற்றினால் பாதிப் பேருக்குப் பொருந்தும். உச்சியில் சிவப்பு எழுத்தில் 'தயவுசெய்து உதவுங்கள்' என்ற வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் கீழே தலைகுனிந்து நிற்கும் ஒரு சிறுமியின் படம். உற்றுப் பார்த்தால் அது இந்த ஊர்ப் பிள்ளையே அல்ல, எங்கிருந்தோ இறக்கிக்கொண்ட படம் என்பது தெரிகிறது. அடுத்து நிறுவனர் விருது வாங்கும் படங்கள், சட்டமன்ற உறுப்பினர் குத்துவிளக்கு ஏற்றும் படம், யாரோ ஒருவர் ஆளுயர அட்டைக் காசோலையை நீட்டும் படம். 'எங்கள் சேவைகள்' என்ற பகுதியில் உணவு, உடை, உறைவிடம், கல்வி, மருத்துவம் என்று ஐந்து சொற்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்னம். படத்தொகுப்பைத் திறந்தால், எவர்சில்வர் தட்டை ஏந்தி வரிசையில் நிற்கும் குழந்தைகள், அவர்களுக்கு நடுவில் பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக ஒரு குடும்பம், 'திருமண நாளை முன்னிட்டு அன்னதானம் வழங்கியபோது' என்று ஒரு குறிப்பு. இப்படிப் பக்கம் பக்கமாகப் படங்கள். குடும்பம் மாறுகிறதே தவிர வரிசை மாறுவதில்லை. நிகழ்வுகள் பகுதியில் கடைசியாக ஏற்றப்பட்டிருப்பது என்றோ கொண்டாடிய ஒரு சுதந்திர தினம். இந்த வீட்டில் வாழ்கிறவர்கள் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது மட்டும் எங்கே தேடினாலும் கிடைப்பதில்லை.

இதைச் சில நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் சொல்லும் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. சிரித்த முகத்தைப் போட்டால், இவர்களுக்குத்தான் ஒரு குறையும் இல்லையே என்று ஜனங்கள் நகர்ந்துவிடுவார்கள், அழுத முகத்துக்குத்தான் பணம் வரும் என்கிறார்கள். மாதாமாதம் மளிகைக் கடைப் பாக்கியும் மின்கட்டணமும் கட்ட வேண்டியவர்களின் பேச்சு அது. அதை லேசாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆய்வும் ஓரளவு அவர்கள் பக்கமே இருக்கிறது. டெபோரா ஸ்மால், நிக்கோல் வெரோக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நன்கொடை கேட்கும் விளம்பரத்தில் சோகமான முகம் இருந்தால், சிரித்த முகமோ உணர்ச்சி காட்டாத முகமோ இருக்கும்போது கொடுப்பதைவிட மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று கண்டார்கள். படத்தில் இருப்பவரின் சோகம் பார்ப்பவரையும் தொற்றிக்கொள்வதே அதற்குக் காரணம் என்பது அவர்களுடைய விளக்கம். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. பார்ப்பவர் நிதானமாக யோசிக்கத் தொடங்கினால் அந்தத் தொற்று வலுவிழந்துவிடுகிறது.

உங்கள் நன்கொடையாளர்கள் யார் என்பதை வைத்து இதைப் பாருங்கள். பேருந்து நிலையத்தில் உண்டியலில் காசு போட்டுவிட்டுப் போகிறவர்கள் அல்லர் அவர்கள். நாள் குறித்து, வீட்டில் கலந்து பேசி, அன்றைக்கு வேறு யாராவது பதிவு செய்துவிட்டார்களா என்று தொலைபேசியில் கேட்டு, பாயசம் உண்டா, வடை உண்டா என்பதுவரை விசாரித்துவிட்டுப் பணம் கட்டுகிறவர்கள். யோசித்துக் கொடுப்பவர்கள் என்றால் இவர்கள்தான். அடுத்த ஆண்டும் அதே தேதிக்கு அவர்களே வர வேண்டும் என்பதுதானே உங்கள் கணக்கு? முதல் முறை கொடுக்க வைப்பதற்கு அழுத முகம் போதுமானதாக இருக்கலாம். இருபது ஆண்டுகள் ஒரு குடும்பத்தை உங்களோடு பிணைத்து வைப்பதற்கு அது போதாது என்பது, கொடுப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் என் கருத்து.

அழுத முகத்தையே நம்பிப் போனால் எங்கே போய் முடியும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. லண்டனின் கிழக்குப் பகுதியில் ஆதரவில்லாத சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய தாமஸ் பர்னார்டோ, 1870களில் தம் இல்லத்துக்கென்றே புகைப்படப் பிரிவு ஒன்றை அமைத்தார். இல்லத்துக்கு வரும் முன் கந்தல் உடையோடு, வந்த பின் தொழில் கற்கும் சிறுவனாக என்று முன்னும் பின்னுமாகப் படம் எடுத்து, அவற்றை அட்டைகளாக அச்சிட்டு விற்றார். பணம் வந்தது. கூடவே, பிள்ளைகளின் உடையைக் கிழித்து, இருந்ததைவிட மோசமாகக் காட்டிப் படம் எடுக்கிறார் என்ற குற்றச்சாட்டும் வந்தது. 1877இல் அதை விசாரித்த நடுவர்கள் அவருடைய பணியைப் பெரும்பாலும் ஆதரித்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் ஜோடித்த படங்களை உண்மை நிலைபோல் காட்டியதை வெளிப்படையாகக் கண்டித்தார்கள், அது ஏமாற்று வழக்கமாகவே வளர்ந்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தார்கள். பர்னார்டோ பணம் சுருட்டுவதற்காக அதைச் செய்தவர் அல்லர். நாளைக்கு அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலைதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைக்கிறேன். உங்களுக்கும் இருப்பது அதே கவலைதான்.

படத்தில் இருப்பவர்களே வாய் திறந்த சம்பவமும் உண்டு. பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி, மணிக்கணக்கில் நிகழ்ச்சி நடத்தி நன்கொடை திரட்டும் டெலிதான் ஒன்றை நடத்தி வந்தது. 1990இலும் 1992இலும் அந்த நிகழ்ச்சி நடந்த கட்டடத்துக்கு வெளியே மாற்றுத்திறனாளிகள் திரண்டு போராடினார்கள். எங்களுக்காகத் திரட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு எங்களைப் பரிதாபப் பொருளாக வீட்டுக்கு வீடு காட்டாதே என்பதே அவர்கள் எழுப்பிய முழக்கத்தின் சாரம். 1992க்குப் பிறகு அந்த டெலிதான் நடக்கவில்லை. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற ஏற்பாட்டுக்கு நம் மாநிலத்திலேயே தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி ஒரு மாற்று. கடற்படைத் தேர்வின்போது 1975இல் விபத்துக்குள்ளாகிக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். உதவி தேவைப்பட்டவரே உதவியை நடத்துபவராகவும் இருந்த இடம் அது. உங்கள் இல்லங்களிலும் வளர்ந்து, படித்து, திரும்பி வந்து காப்பாளராகவோ கணக்காளராகவோ வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். இணையதளத்தில் அவர்களைத்தான் காணோம்.

குழந்தைகளைப் பொறுத்தவரை சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, புகைப்படம் முதலிய அடையாளங்களை, விசாரணை தொடர்பான எந்தச் செய்தியிலும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் நலக் குழுவின் விசாரணை வழியாகத்தான் ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சேர்கிறது என்னும்போது, 'இவளுடைய தாய் இப்படி இறந்தார், தந்தை இப்படிக் கைவிட்டார்' என்று முகத்தோடு சேர்த்து எழுதுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை உங்கள் வழக்கறிஞரிடமே கேட்டுக்கொள்ளலாம். சிலர் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டிவிட்டு, சட்டத்தைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணுகிறார்கள். திருட்டு வழக்கில் பிடிபட்டவர்களின் படம்போல ஆகிவிடுகிறது என்பது யாருக்கும் உறுத்தவில்லை போலும்.

அப்படியானால் இருக்கிற படங்களை எல்லாம் எடுத்துவிட்டு, சிரித்த முகங்களாக நிரப்பிவிடலாம் என்று யாராவது கிளம்பினால் அதுவும் வேண்டாம். ஓர் இல்லத்தில் வளர்ந்து இப்போது நல்ல வேலையில் இருக்கும் ஒருவர் என்னிடம் ஒருமுறை சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாராவது ஒரு பிள்ளை கேக்கோடு வந்து இறங்கும், நாங்கள் வரிசையாக நின்று கைதட்டிப் பாட்டுப் பாடுவோம், படம் எடுக்கும்போது சிரிக்கச் சொல்வார்கள், சிரிப்போம், எங்கள் பிறந்தநாளுக்கு மட்டும் யாரும் பாடியதில்லை, ஏனென்றால் பதிவேட்டில் எங்களில் பாதிப் பேருக்கு ஜூன் முதல் தேதி என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்தச் சிரிப்பை முகப்பில் போட்டு என்ன பயன்? நான் இணையதளத்தில் தேடும் கலகலப்பும் இதமும் அதுவல்ல. சிரிக்கச் சொல்லி எடுத்த படமும் அழச் சொல்லி எடுத்த படமும் ஒரே கடைச் சரக்கு. இரண்டிலும் அந்தப் பிள்ளைக்கு எந்தப் பங்கும் இல்லை.

வழிகாட்டியைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிவைத்த சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. ஊர்மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்த சாலை அது. அரிசி, பருப்பு, காய்கறி என்று இப்போதும் ஜனங்கள் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பசியின் கொடுமையை வள்ளலார் அளவுக்கு உருகி எழுதியவர்கள் தமிழில் குறைவு. அப்படி இருந்தும், வடலூரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அணையா அடுப்பைப் பற்றித்தான். அங்கே சாப்பிட வருகிறவர்களின் வாடிய முகங்களை யாரும் வர்ணிப்பதில்லை. அவர்கள் யார், எந்த ஊர், ஏன் வந்தார்கள் என்று யாரும் விசாரிப்பதும் இல்லை. ஒரு மூட்டை அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறவர், தமக்கு முன்பே எரிந்துகொண்டிருக்கும், தமக்குப் பின்னும் எரியப்போகும் ஒன்றில் தமக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றுதான் போகிறார். ஒன்றரை நூற்றாண்டாக அந்த அழைப்பு செல்லுபடியாகிறது. அதில் கெஞ்சல் இல்லை, குற்ற உணர்ச்சியைக் கிளறும் வேலையும் இல்லை.

உங்கள் ஒவ்வொருவருடைய இல்லத்திலும் அப்படி நடந்துகொண்டே இருக்கும் ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும். ஒரு முதியோர் இல்லத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலை பத்தரை மணி இருக்கும். தாழ்வாரத்தில் நான்கு பாட்டிகள் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சமையல்காரப் பெண் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, அவருடைய உள்ளங்கையில் ஒரு சொட்டுச் சாம்பாரை விட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டி நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசித்து, "புளி பத்தாது, இன்னும் கொஞ்சம் கரைச்சு விடு" என்றார். அந்த வீட்டில் சாம்பார் இறங்குவதற்கு அவருடைய உத்தரவு வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். பக்கத்தில் இருந்தவர், "இவ சர்க்கரை வியாதிக்காரி, நாக்கு செத்துப் போச்சு, இவ பேச்சைக் கேட்டுத்தான் நாங்க புளிக்குழம்பா தின்னுக்கிட்டு இருக்கோம்" என்று என்னிடம் முறையிட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த இல்லத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். 'பெற்ற பிள்ளைகளால் கைவிடப்பட்ட இந்த ஜீவன்களின் கண்ணீரைத் துடைக்க வாருங்கள்' என்று இருந்தது. அன்று நான் அங்கே பார்த்த ஒரே கண்ணீர் வெங்காயம் நறுக்கியவருடையது.

கைவிடப்பட்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டிக்கு அதுதான் அடையாளமா? அவருடைய பழைய தெருக்காரர்கள், உடன் வேலை பார்த்தவர்கள், ஒருவேளை அந்தப் பிள்ளைகளேகூட அதைப் படிக்கக்கூடும். சாம்பாருக்கு உத்தரவு கொடுப்பவர் என்று அவரைப் பற்றி நாலு வரி எழுதி, அதை அவருக்குப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கிப் போட்டிருந்தால் அவருக்கும் பெருமை, படிப்பவருக்கும் அவரைப் பார்க்க வர வேண்டும் என்று தோன்றியிருக்கும். நினைவு தடுமாறியவர்களிடம் சம்மதம் கேட்பதில் அர்த்தமில்லை என்பதால், அவர்களுடைய படத்தைப் போடாமல் இருப்பதே முறை. குழந்தைகளின் கதையை முகமோ பெயரோ இல்லாமல் சொல்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முடியாதது அல்ல. பிள்ளைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. பொங்கலுக்குப் போட்ட கோலம் இருக்கிறது. தேய்ந்து நூல் தெரியும் கால்பந்து இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த காலையில் அலுவலகத்தின் ஒரே கணினியைச் சுற்றி எத்தனை தலைகள் முண்டியடித்தன என்பதை வார்டன் தம் சொந்த வார்த்தைகளில் எழுதலாம். வளர்ந்து வெளியே போனவர்கள் விரும்பினால் தங்கள் பெயரிலேயே எழுதலாம்.

இன்னும் எளிதான வழி ஒன்று உங்கள் கண்முன்னே இருக்கிறது: வேலை செய்பவர்கள். இரவில் மூன்று முறை எழுந்து படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கும் ஆயா, நூறு பேருக்கு இட்லி மாவு கரைக்கும் சமையல்காரர், மாத்திரை டப்பாக்களில் காலை, மதியம், இரவு என்று பிரித்துப் போடும் செவிலியர், ஓட்டுநர், காவலாளி. பெயர் சொல்லச் சட்டத் தடை இல்லாதவர்கள், சம்மதம் கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள் இவர்கள்தான். நான் படித்த இணையதளங்களில் பெரும்பாலானவற்றில் நிறுவனரின் படம் பத்து இருக்கிறது, ஆயாவின் படம் ஒன்றுகூட இல்லை. ஒரு வீட்டின் இதம் யார் கையில் இருக்கிறது என்பது உள்ளே போனவர்களுக்குத் தெரியும். சம்பளச் செலவைக் காட்டினால் நன்கொடையாளர் முகம் சுளிப்பார் என்று பயந்து, எல்லாப் பணமும் சோற்றுக்கே போகிறது என்பதுபோல் எழுதுகிறீர்கள். சோறு தானாக வெந்து, தானாக ஊட்டிக்கொள்வதில்லை என்பது கொடுப்பவர்களுக்கும் தெரியும்.

நன்கொடையாளரை விட்டுவிட்டு இன்னொரு வாசகரைப் பற்றியும் பேச வேண்டும், அவரை நீங்கள் மறந்தே போய்விட்டதாகத் தோன்றுகிறது. மறதி நோய் முற்றிய அம்மாவை இனி வீட்டில் தனியாக விட முடியாது என்ற நிலையில், நடுராத்திரியில் கைப்பேசியில் இடம் தேடும் மகள் அவர். குற்ற உணர்ச்சியோடு வருகிற அவருக்கு முகப்பில் கிடைப்பது 'பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளே, நாளை உங்களுக்கும் இதே கதிதான்' என்ற தோரணையில் ஒரு வாசகம். எத்தனை படுக்கைகள் இருக்கின்றன, யாரைச் சேர்ப்பீர்கள், யாரைச் சேர்க்க இயலாது, என்ன கட்டணம், வாரத்துக்கு எத்தனை முறை வந்து பார்க்கலாம், அம்மா தன் தலையணையைக் கொண்டுவரலாமா என்று எதற்கும் பதில் இல்லை. இடம் இல்லை என்றால்கூட, முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணையாவது அங்கே எழுதி வைக்கலாம். அதுபோலவே, ஆபத்தில் இருக்கும் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல வருகிறவர் கண்ணில் முதலில் பட வேண்டியது குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்; நன்கொடைப் பொத்தான் அதற்குக் கீழே இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இணையதளம் இதமாக இருக்கிறதா என்பதற்கு இந்த மகளைவிட நல்ல நீதிபதி எனக்குத் தெரியவில்லை.

பணம் கட்டிய பின் நடப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பரிவர்த்தனை வெற்றி' என்று பச்சை எழுத்தில் ஒரு வரி, மின்னஞ்சலில் வருமான வரி விலக்குக்கான ரசீது, அத்தோடு சரி. வீட்டுக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போகிறவரிடம்கூட 'சாப்பிட்டீர்களா' என்று கேட்பது நம் வழக்கம். அப்பாவின் பெயரில் கட்டிய சாப்பாட்டன்று என்ன பரிமாறினீர்கள், மழை பெய்ததா, யாராவது இரண்டாவது முறை பாயசம் கேட்டார்களா என்று மூன்று வரி எழுதினால், அதை அம்மாவிடம் படித்துக் காட்டுவேன். தட்டேந்திய வரிசையின் படத்தை அனுப்ப வேண்டிய அவசியமே இருக்காது. கணக்கு விஷயத்திலும் அப்படித்தான். தணிக்கை அறிக்கையைக் கோணலாக ஒளிவருடி ஏற்றிவைப்பதோடு கடமை முடிந்தது என்று எண்ணாமல், போன ஆண்டு எவ்வளவு வந்தது, எதற்கு எவ்வளவு போனது, எங்கே துண்டு விழுந்தது என்று அரைப்பக்கம் பேச்சு வழக்குக்கு நெருக்கமான தமிழில் எழுதுங்கள். ஒளிவுமறைவு இல்லாத வீட்டில்தான் விருந்தாளிக்கு உட்காரத் தோன்றும்.

தமிழில் என்று சொன்னேன். உங்களில் பலருடைய இணையதளங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. தமிழ்ப் பக்கம் இருந்தாலும், இயந்திரம் மொழிபெயர்த்ததை யாரும் படித்துப் பார்க்காமல் ஏற்றியிருப்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருப்பவரும், துபாயில் வண்டி ஓட்டுபவரும் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்க ஆசைப்பட்டு உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள், சிறிய கைப்பேசியில் வருகிறார்கள். சிலர் தமிழ் எழுத்துகளைப் படமாக ஏற்றிவிடுகிறார்கள். பார்வையற்றவர்களின் கைப்பேசி பெரும்பாலும் அதைச் சரியாக வாசித்துச் சொல்லாது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான விடுதி நடத்தும் ஒரு அறக்கட்டளையின் பக்கத்திலேயே இதைப் பார்த்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. நம்பிக்கையோடு எழுதுங்கள் என்று நான் கேட்பதை, கஷ்டத்தை மறைத்து எழுதுங்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020இல் ஊரடங்கு வந்து, பிறந்தநாள் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் வீட்டுக்குள் அடைபட்டபோது, உங்களில் சிலர் 'இன்னும் பத்து நாளைக்குத்தான் அரிசி இருக்கிறது' என்று உள்ளதை உள்ளபடி எழுதினீர்கள். அந்த ஒரு வரியில் அழுகையும் இல்லை, அலங்காரமும் இல்லை. என் அலுவலகத்தில் அதைப் படித்தவர்கள் அன்றே பணம் அனுப்பினார்கள். ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டதா, எழுதுங்கள். ஒரு பெரியவர் காலமாகிவிட்டாரா, அவருடைய குடும்பமோ அவரோ முன்பே சம்மதித்திருந்தால், அவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். துக்கமும் வீட்டின் ஒரு பகுதிதான். வீடே அதுதான் என்று காட்டும்போதுதான் பொய்யாகிவிடுகிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள், உங்கள் முகப்புப் பக்கத்தை ஒரு பெரிய திரையில் போட்டு, இல்லத்தில் வாழும் பெரியவர்களையும் விவரம் தெரிந்த பிள்ளைகளையும் ஆயாக்களையும் உட்கார வைத்து, முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த வரியில் முகத்தைத் திருப்புகிறார்களோ அதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். எந்தப் படத்தை எடுக்கச் சொல்கிறார்களோ அதற்குக் காரணம் கேட்காதீர்கள். புதிதாக என்ன எழுதலாம் என்றும் அவர்களையே கேளுங்கள்; சாம்பாருக்கு உத்தரவு கொடுப்பவர்கள் வாசகத்துக்கும் கொடுப்பார்கள். தமிழில் எழுதித் தர ஆள் இல்லை என்றால், என்னைப் போல் பிரதி திருத்தும் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சிலர் கூலி வாங்காமல் செய்து கொடுக்கத் தயாராக இருக்கிறோம். ஒரு நிபந்தனை உண்டு: தொலைபேசியில் சொல்லி எழுத வைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க இல்லத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவோம், மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் இல்லங்களுக்கு வந்துபோகும் நன்கொடையாளர்களில் ஒருவன்